வில்லை ஒட்டிய இடம்

என் பழைய ஸ்கேட்ஸ் பைக்குள் ஒரு ஒட்டு வில்லை கிடக்கிறது. சின்னக் காசளவு. அன்று காலிலிருந்து பிய்த்து அவசரமாகப் பையின் உட்பக்கம் ஒட்டியது. எத்தனையோ தடவை வீட்டைத் துப்புரவாக்கினேன், அதை மட்டும் எறியவில்லை. எறிந்தால் நான் தப்பிவிட்டது போலாகும்.

வட லண்டனில் ஒரு பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியில் விளையாடினேன். ஆட்டங்கள் தொடங்குமுன் எங்கள் கால்களைச் சோதிப்பார்கள். தசைகளில் மின்துடிப்பை உணரும் வில்லை ஒட்டி, பனியில் ஓடவிட்டு, எந்தத் தசை எப்போது இறுகுகிறது என்று திரையில் பார்ப்பார்கள். பனியில் காலைப் பக்கவாட்டில்தான் தள்ள வேண்டும். இடுப்பிலிருந்து விரிந்த காலைத் திரும்ப உள்ளே இழுப்பது உள்தொடைத் தசை. வேகம் கூடக்கூட அதற்குத்தான் பாடு. எனக்கு வலது பக்கம் அது இரண்டு மாதமாக நொந்தது. சொன்னால் அணியில் இடம் போய்விடும்.

சோதிக்க வந்தவர் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர். பெண்களின் உள்தொடையைத் தொடமாட்டார். தன் காற்சட்டையில் பேனையால் புள்ளி வைத்து இடத்தைக் காட்டுவார், வில்லையைக் கையில் தந்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்பார். அணிப் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அன்று வில்லையை முன்தொடையில் ஒட்டி, தொடைவரை நீளும் காலுறையை மேலே இழுத்துவிட்டேன்.

நான் ஓடி முடித்து வந்தபோது அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “தங்கச்சி, கால் திரும்பி வரேக்கைதான் இது இறுக வேணும். இது தள்ளேக்கையே இறுகுது. நான் காட்டின இடத்திலதானே ஒட்டினனீங்கள்?”

“நம்பிக்கை இல்லாட்டி வந்து பாருங்கோவன், அண்ணை.”

அவர் பார்க்க வரமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. குனிந்து, சரி என்று எழுதினார்.

மூன்றாவது ஆட்டத்தில் தசை கிழிந்தது. பயிற்சியாளர் அவரை அழைத்து என் முன்னாலேயே விசாரித்தார். வில்லை எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தான் சரிபார்க்கவில்லை, பிழை தன்னுடையது என்று மட்டும் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை, கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பிறகு அவரை அந்த வேலைக்குக் கூப்பிடவில்லை.

போன மாதம் வால்தம்ஸ்டோவில் மரக்கறிக் கடையில் அவரைக் கண்டேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் திரும்பி நடக்குமுன் அவர் கண்டுவிட்டார்.

“கால் இப்ப எப்பிடி, தங்கச்சி?”

“சுகம், அண்ணை.”

அவ்வளவுதான் சொன்னேன். சொல்ல வேண்டியதைச் சொல்ல இரண்டாந்தரம் கிடைத்த இடத்திலும் விழுங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தேன். வில்லையைப் பிய்த்து, அவர் அன்று புள்ளி வைத்துக் காட்டிய இடத்தில் வைத்து அழுத்தினேன். பசை செத்துப்போயிருந்தது. கையை எடுத்ததும் விழுந்தது.