மூன்றாவது தொட்டி

ஸ்ரீமுஷ்ணத்தில் பேருந்துக்குக் காத்திருந்தபோது செய்தி வந்தது. எங்கள் முதலாளி தெய்வசிகாமணி அவர்கள் காலமாகிவிட்டார்கள். போனில் சொன்னவர் பீங்கான் உற்பத்தியாளர் சங்கத்தின் செயலாளர். துக்கத்தைச் சொன்ன கையோடு ஒரு வேலையும் கொடுத்தார். இருபத்தாறு வருஷமாக முதலாளியின் ஆலையில் சூப்பர்வைசர் என்பதால் நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டுமாம். "சுற்றுச்சூழல்ல அவருக்கு இருந்த அக்கறைய மறக்காம எழுதுங்க. முக்கியமா அந்த மீன் தொட்டி," என்றார். மறப்பேனா? அந்த மீன்களுக்குத் தீனி போட்டவனே நான்தான்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விருத்தாசலத்தில் பீங்கானில் பியூஸ் கட்டை செய்யும் ஆலை அவருடையது. ஆலையை ஒட்டியே வீடு. எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஆயுசு முழுக்கக் களிமண் தொழிலில் இருந்தவர் மீது ஒரு பொட்டு மண் பட்டு நான் பார்த்ததில்லை. யாரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார்கள். தொழிலாளி வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் முதல் ஆளாக வந்து உட்காருவார்கள். அவருடைய நல்ல குணங்களுக்கு இவ்வளவு இடம் போதும்.

பியூஸ் கட்டைக்குப் பளபளப்புக் கொடுப்பது கிளேஸ் என்கிற பூச்சு. அந்த வாளிகளைக் கழுவினால் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக ஓடும். அது நேரே பின்பக்க வாய்க்காலில் இறங்கி, பின்தெருக் கைப்பம்பு வரைக்கும் ஊறிப் போனது. மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் நெருக்கியதில் மூன்று தொட்டிகள் கட்டினோம். முதல் இரண்டில் வண்டல் தங்கி, மூன்றாவதில் தெளிந்த தண்ணீர் நிற்க வேண்டும். முதலாளி ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மறுவாரமே கழிவுநீர்க் குழாயைப் பழையபடி வாய்க்காலுக்குத் திருப்பச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன்.

"புதுத் தொட்டிங்க. அழுக்குத் தண்ணிய வுட்டா பாழாயிடாதா?"

வேடிக்கைக்காகச் சொல்கிறார்கள் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

மூன்றாவது தொட்டியில் லாரித் தண்ணீர் நிரப்பி வண்ண மீன்கள் விட்டோம். பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் முதலாளி அதில் ஒரு கை அள்ளிக் குடித்துக்காட்டி, இதுதான் எங்கள் கழிவுநீர் என்பார்கள். கைதட்டல் கிடைக்கும். விருதும் கிடைத்தது. செத்த மீனை யாரும் பார்க்கும் முன் எடுத்துவிட்டுப் புது மீன் விடுவது என் உத்தியோகம். முதலாளியின் வழியே ஆலை முழுக்கத் தொற்றிக்கொண்டது. அரவைக்காரர் மிச்சக் களிமண் கூழை வாய்க்காலில் கொட்டினார், சூளைக்காரர் உடைசலைக் கரையில் குவித்தார். அதிகாரிகள் சோதனைக்குத் தண்ணீர் கேட்டால் நான் மீன் தொட்டியில் பாட்டிலை முக்கி அனுப்பினேன்.

கிளேஸ் வாளி கழுவும் அஞ்சலைக்குப் பின்தெருவில்தான் வீடு. ஒரு நாள், பார்வையாளர்கள் போன பிறகு, ஒரு சொம்பில் கைப்பம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து முதலாளி முன்னால் நீட்டினார். இதில் பருப்பு வேகவில்லை, தெருப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றார். "இதயும் ஒரு வாய் குடிச்சிப் பாருங்க முதலாளி."

முதலாளி கோபப்படவில்லை. சொம்பை வாங்கிப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டு, பாவம், தெருவில் பசுமையே இல்லை போலிருக்கிறது என்றார்கள். அஞ்சலைக்கு இரண்டு புங்கங்கன்று கொடுக்கச் சொன்னார்கள்.

அப்புறம் முதலாளிக்கு இதய அறுவை சிகிச்சை. நான்கு மாதம் புதுச்சேரியில் தங்கினார்கள். ஆலையை மருமகள் கவிதா பார்த்துக்கொண்டார். வந்த மூன்றாம் நாள் தொட்டிகளைச் சுற்றி வந்து, எதற்குக் கட்டியது என்று கேட்டார். சொன்னேன்.

"அப்ப அதுக்கே வுடுங்க," என்றார்.

அவ்வளவுதான். மீன்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுக் குழாயைத் திருப்பினோம். அரை நாள் வேலை. அதே ஆட்கள், அதே எந்திரம், அதே நான். வண்டலை எடுத்து மண்ணோடு சேர்த்து அரைத்தோம். வாய்க்கால் தெளிந்தது. நான்காம் மாதம் அஞ்சலை வேலைக்கு வந்ததும் வராததுமாக என்னிடம் வந்து, "பருப்பு வேவுது சார்," என்றார். அந்த ஆலையில் என் காதில் விழுந்த ஒரே நல்ல சேதி அது.

முதலாளி குணமாகித் திரும்பினார்கள். தொட்டிகளைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். நாங்கள் பதறிப்போனோம். நெஞ்சு வலி இல்லை.

"என் தொட்டிய யாரு அழுக்காக்குனது?"

அன்று சாயங்காலமே குழாய் வாய்க்காலுக்குத் திரும்பியது. மருமகள் ஒரு வாரம் வாதாடிப் பார்த்துவிட்டு ஆலைப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். நான் வாதாடவில்லை. புது மீன் வாங்கப் போனேன். இந்த அஞ்சலியில் பாதி எனக்கும் சேரும்.

சாவு அன்று உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் தேவைப்பட்டது. லாரி வரவில்லை. இத்தனை வருஷம் பழகிய மனிதர் என்று அஞ்சலை கைப்பம்பில் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு வந்து வைத்தார். முதலாளியின் தம்பி குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"இந்தத் தண்ணி வேணாம்மா. கேன் தண்ணி சொல்லியிருக்குது."

கேன்கள் வந்தன. கடைசிக் குளியல் சுத்தமாக நடந்தது.

அஞ்சலை என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பொணத்துக்கே ஆவாத தண்ணியிலதான் சார் எம் பேரனுக்குக் கஞ்சி காச்சுறன்."

இரண்டு குடங்களையும் தூக்கிக்கொண்டு ஆலைக்குள் போனார். மூன்றாவது தொட்டியில் கவிழ்த்துவிட்டு வெறுங்குடத்தோடு வீட்டுக்கு நடந்தார். வாட்ச்மேன் தடுக்கவில்லை.

மறுநாள் ஆலைக்குப் போனதும் மீன்களை எடுத்துவிட்டுக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பினேன். யாரையும் கேட்கவில்லை. அதே அரை நாள்தான் ஆனது.

நிம்மதியாகப் போய் வாருங்கள், முதலாளி. உங்கள் தொட்டியை நான் அழுக்காக்கிவிட்டேன்.