மூப்பரின் சாட்சி

எங்கள் சபையில் சாட்சி சொல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். பேக்கரிப் பாண் விற்கிறவன் தெருத்தெருவாகக் கூவ வேண்டும். அதற்குக்கூட வெட்கப்பட்டு, சைக்கிளில் பெரிய மணி கட்டி அடித்துக்கொண்டு திரிந்தவன் நான். மற்றவர் மீன் விற்கும் அக்கா. அவருக்கு வெட்கம் கிடையாது. அவர் குரல் கொடுத்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஆனால் கூட்டத்தில் எழும்பி, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்லச் சொன்னால், "கர்த்தருக்குத் தெரியாததை நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று இருந்துவிடுவார்.

யுத்தகால ஊரடங்கு இருந்தபடியால் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் பின்னேரம் நாலு மணிக்கே தொடங்கும். சபையை நடத்தும் மூப்பரின் வீட்டு முன் அறையில்தான் கூடுவோம். அரசாங்கக் கந்தோரில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் மூப்பர். அந்த அறைக்குச் சிவப்புச் சீமெந்துத் தரை, முகம் தெரியும். மேசையில் வெள்ளை விரிப்பு, அதன்மேல் பெரிய வேதப்புத்தகம். செருப்புகளை வாசலில் ஒரே வரிசையில் கழற்றி வைக்க வேண்டும். வரிசை கோணினால் அவருடைய முகமும் கோணும்.

அந்த வருடம் துறைமுகத்துக்கென்று குடாவின் அக்கரையிலிருந்து அடித்த பீரங்கிச் செல் ஒன்று தவறி எங்கள் தெருவில் விழுந்தது. விழுந்தது மூப்பரின் பக்கத்து வீட்டில். அது ஒரு ஓட்டோக்காரரின் வீடு. சைவசமயக்காரர். மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். நல்லவேளை, இருவரும் கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். கூரை முழுவதும் போய்விட்டது, குசினியும் அடுப்போடு போய்விட்டது. மூப்பரின் வீட்டில் ஒரு ஜன்னல் கண்ணாடி மட்டும் உடைந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையே சாட்சி வந்தது. "செல் வாற சத்தம் கேட்டது. ஆண்டவரே எண்டனான். எங்கட வீட்டுக்கு நேரா வந்தது அப்பிடியே விலகிப் போட்டுது!" எல்லோரும் அல்லேலூயா சொன்னோம். அதற்கடுத்த கிழமை ஒரு தேவதூதன் அதைக் கையால் தள்ளிவிட்டான். இன்னும் இரண்டு கிழமை போக, அந்தக் கையை மூப்பர் கண்ணாலேயே கண்டுவிட்டார். கிழமைக்குக் கிழமை அந்தச் செல் பெருத்துக்கொண்டே வந்தது. எங்கே விலகிப் போனது, அங்கே யார் இருந்தார்கள் என்பது மட்டும் சாட்சியில் வளரவே இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் கூரை போன இடத்தில் தறப்பாள் கட்டிக்கொண்டு நின்ற ஓட்டோக்காரருக்கு எல்லாம் கேட்டது. ஒருநாள் கூட்டம் முடிந்து வெளியே வந்த மூப்பரைக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்கட ஆண்டவரிட்ட ஒருக்கா சொல்லுங்கோ. அடுத்தமுறை கடல்பக்கம் தள்ளிவிடச் சொல்லி. கடல் ஒண்டும் தூரம் இல்லைத்தானே?"

"தெய்வ காரியத்தில பகிடி விடாதையும் தம்பி" என்றார் மூப்பர். நான் சிரிப்பை அடக்கப் பாண்பெட்டியைத் திறந்து வெறும் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளை பிறந்தது. மாரியும் தொடங்கியது. கூரைத் தகரத்துக்கும் சீமெந்துக்கும் ஊரில் தட்டுப்பாடு. தறப்பாளில் தண்ணீர் குளம்போல நின்று ஒழுகியது. பச்சைப்பிள்ளைக்குச் சளி பிடித்து நெஞ்சு இழுத்தது. இன்னும் நனைந்தால் பிள்ளை தாங்காது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். ஓட்டோக்காரர் பகிடியை விட்டுவிட்டு மூப்பரிடம் போய், கூரை போடும்வரை முன் அறையைத் தரும்படி கேட்டார்.

"அது ஆராதனைக்கெண்டு பிரிச்சு வைச்ச இடம் தம்பி. அதில மனுசர் படுத்தெழும்ப ஏலாது. நாங்கள் உங்களுக்காக ஜெபிக்கிறம்."

"ஜெபம் ஒழுகாதோ ஐயா?" என்று கேட்டுவிட்டு அவர் திரும்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை விடாத மழை. மூப்பர் கீழ்ப்படிதலைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். மனைவி புருசனுக்கும், பிள்ளைகள் தகப்பனுக்கும், சபை மூப்பருக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்றார். பிறகு கைகளை உயர்த்தி, கண்களை இறுக மூடி, வீடற்றவர்களுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். மூதூர்ப் பக்கமிருந்து இடம்பெயர்ந்தவர்கள், பள்ளிக்கூடங்களில் இருப்பவர்கள், கூடாரங்களில் இருப்பவர்கள் என்று நாடு முழுவதும் போய், கடல் கடந்து வேறு நாடுகளுக்கும் போனார். பக்கத்து வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அங்கேயிருந்து பிள்ளை அழும் சத்தம் வந்தது. மூப்பர் தன் குரலை உயர்த்தினார்.

மீன்கார அக்கா எழும்பினார். "தம்பி, அந்த மூலையில சுருட்டிக் கிடக்கிற பாயை விரியும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனார். ஜெபத்தின் நடுவில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. நான் பாயை விரித்தேன். அக்கா தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னால் ஓட்டோக்காரர், சேற்றுக் காலோடு உள்ளே வரத் தயங்கினார். அக்கா அவருடைய கையைப் பிடித்து இழுத்தார். வேதப்புத்தகத்தைப் பக்குவமாகத் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டு, வெள்ளை விரிப்பை உருவிப் பிள்ளையின் தலையைத் துடைத்தார்.

"அவர்களுக்கு ஒரு கூரையைக் கட்டளையிடும் ஆண்டவரே, ஆமென்" என்று முடித்து மூப்பர் கண்ணைத் திறந்தார்.

ஜெபம் கேட்கப்பட்டதற்காக இவ்வளவு கோபப்பட்ட ஒரு விசுவாசியை நான் இன்றுவரை கண்டதில்லை.

"என்ன இது?"

"நீங்கள் கேட்டதுதான் ஐயா. இவ்வளவு கெதியாக் கிடைக்கும் எண்டு நானும் நினைக்கேல்லை."

"ஆராதனை நேரத்தில எழும்பிப் போறதோ? இவ்வளவு நேரம் கீழ்ப்படிதலைப் பற்றி என்ன சொன்னனான்?"

"கீழ்ப்படிஞ்சபடியாத்தான் எழும்பினனான்."

"ஆருக்கு?"

அக்கா மூப்பரின் மனைவியைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் சுடுதண்ணி வேணும்" என்றார். அந்த அம்மா புருசனுக்கு எதிராக ஒரு சொல் பேசி நாங்கள் கேட்டதில்லை. அன்றும் பேசவில்லை. எழும்பிக் குசினிக்குள் போய் கேத்திலை அடுப்பில் வைத்தார். மூப்பர் கதிரையில் இருந்த வேதப்புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்தக் குடும்பம் அங்கேயே தங்கியது. பிள்ளைக்கு இழுப்பு நின்றது. நாங்கள் மறைப்புக்கு ஒரு சேலையைக் கட்டிவிட்டு இந்தப் பக்கம் இருந்து பாடினோம்.

இரண்டு கிழமை பொறுத்து மூப்பர் புதிய சாட்சி சொன்னார். கர்த்தர் அவருடைய உள்ளத்தோடு பேசினாராம். அவர் உடனே கீழ்ப்படிந்து தன் வீட்டைத் திறந்துவிட்டாராம். அதற்கடுத்த கிழமை மழைக்குள் இறங்கிப் போய் அவர்களைக் கூட்டிவந்ததும் அவராகவே ஆகிவிட்டார். சேலைக்குப் பின்னால் ஓட்டோக்காரர் இருமுவது போலச் சிரித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது அக்காவிடம் மெல்ல, "நீங்கள் எழும்பி உண்மையைச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"விடும் தம்பி, சொல்லட்டும்" என்றார் அக்கா. "இவ்வளவு பேருக்கு முன்னால சொல்லிப்போட்டார். இனிக் கூரை போடும்வரைக்கும் அதுகளை வெளியில போகச் சொல்ல அவரால ஏலாது."

மீன்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஊரடங்குக்கு முன் வீடு போய்ச்சேர அவர் வேகமாக நடந்தார்.