கண்டக்டர் தீர்த்தகிரியின் முகம்

பொம்மிடிக்கும் தர்மபுரிக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் பதினெட்டு வருஷமாகக் கண்டக்டர், தீர்த்தகிரி. தன் முகத்தின் மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. முதல் டிரிப் கிளம்புமுன் டிரைவரின் கண்ணாடியில் எட்டிப் பார்த்து, உதட்டை இறுக்கி, மீசையை நீவிக்கொண்டுதான் விசிலை எடுப்பார்.

போன மாசியில் ஒருநாள் காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலப்பக்கமாக ஒழுகியது. வலது கண்ணும் மூடவில்லை. அவரும் மனைவியும் பதறியடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"பக்கவாதம் இல்லைங்க, முகவாதம். நரம்பு வீங்கியிருக்கு. சில மாசத்துல பெரும்பாலும் சரியாயிடும்" என்றார் டாக்டர். மாத்திரையோடு, கண்ணாடி முன்னால் செய்யச் சில பயிற்சிகளும் கொடுத்தார்.

அந்தக் கண்ணாடிதான் பெரும்பாடாகிவிட்டது. கன்னத்தை உப்பினால் காற்று ஒரு பக்கமாகப் புஸ்ஸென்று போனது. உள்ளே நின்ற கோணல் வாய்க்காரனைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மனைவி நிர்மலா வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அது வேணாம். எம் மூஞ்சியப் பாத்துச் செய்யுங்க."

அவள் புருவத்தைத் தூக்கினாள், அவரும் தூக்கினார். அவள் கன்னத்தை உப்பினாள்; அவரும் உப்பினார். தினம் இரண்டு வேளை, நாலு மாதம்.

ஓரளவு தேறியதும் வேலைக்குத் திரும்பினார், மாஸ்க்கோடு. விசிலுக்குப் பதில் பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார். கடத்தூரில் காய்க்கூடையோடு ஏறும் சென்னம்மாள் ஒருநாள் கேட்டார்: "இந்த வெயில்ல எதுக்கு தம்பி இது?"

ஏனோ அவரிடம் மறைக்கத் தோன்றவில்லை. கழற்றிவிட்டுச் சிரித்துக் காட்டினார். "பாருங்கக்கா, வாய் இடப்பக்கமா இழுக்குது."

சென்னம்மாள் உற்றுப் பார்த்தார். "நீங்க எப்பவும் அப்படித்தான தம்பி சிரிப்பீங்க?"

வீட்டுக்கு வந்ததும் கல்யாண ஆல்பத்தைப் பிரித்தார். மாலையும் கழுத்துமாக விறைப்பாக நின்ற படங்களைத் தள்ளினார். பந்தியில் எடுத்த ஒரு படத்தில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். உதடு இடப்பக்கமாகத்தான் ஏறியிருந்தது. கண்ணாடி முன்னால் அவர் ஒருநாளும் சிரித்துப் பார்த்ததில்லை.

"இத்தன வருசத்துல நீயாவது சொல்லியிருக்கலாமில்ல?"

நிர்மலா படத்தை வாங்கிப் பார்த்தாள். "எங்க வூட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கே பாத்துட்டேன். சொன்னா சிரிக்கிறத நிறுத்திருவீங்களோன்னு சொல்லல."

அதன் பிறகும் இரண்டு நாள் மாஸ்க் போட்டுக்கொண்டு போனார். மூன்றாம் நாள் போடவில்லை. பஸ்ஸில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.