ஊருக்குப் போனவளின் ஷூ

ஷூ கம்பெனியில் கடைசி மேசை என்னுடையது. தைத்து, ஒட்டி, பாலிஷ் போட்டு வருகிற ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவேன். பதினெட்டு வருஷமாக இதே வேலை என்பதால், எதைப் பார்த்தாலும் எங்கே கோளாறு என்றுதான் முதலில் தோன்றும். கல்யாண ரிசப்ஷனில்கூட மாப்பிள்ளை முகத்துக்கு முன்னால் அவர் ஷூவைத்தான் பார்ப்பேன். இதற்காக என் கணவர் என்னைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

எங்கள் மகள் கல்யாணமாகிப் போகும்போது டி.வி.யில் ஏதோ ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் கொரியா, ஜப்பான், ஈரான் படங்களாக வந்து விழும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு படம் முடியும். எனக்குத் தமிழ் நன்றாக வரும். படத்துக்குக் கீழே ஓடும் இங்கிலீஷை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். என் கணவர் ஏற்றுமதிப் பிரிவில் கிளார்க், நாளெல்லாம் இங்கிலீஷோடு மல்லுக்கட்டுபவர். அந்த எழுத்தை அவர் தமிழில் சொல்லச் சொல்ல, நான் படம் பார்ப்பேன்.

அந்தப் படங்கள் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயின. நம் படத்தில் யாராவது சாகப் போகிறார்கள் என்றால் பத்து நிமிஷம் முன்பே வயலின் சொல்லிவிடும். அங்கே ஒரு சத்தமும் இருக்காது. கொரியாக்காரி கண்ணீர் வழிய வழியச் சோற்றை வாய் நிறையப் போட்டுக்கொள்வாள். ஈரான்காரன் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருப்பான். எப்போது அழ வேண்டும் என்று யாரும் சொல்லாததால் நான் முகங்களைப் பார்க்கப் பழகினேன். அப்போதுதான் சந்தேகம் வந்தது. திரையில் இரண்டு வரி நிறைய எழுத்து ஓடும், இவர் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்.

ஒரு ஜப்பான் படம். மீன் கம்பெனியில் வேலை செய்கிற ஒருத்தி, அவள் புருஷன், ஒரு சின்னப் பெண். அவள் டாக்டரிடம் போகிறாள். டாக்டர் நிறையப் பேசுகிறார். அவள் மடியில் இருந்த பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருக்கிறாள்.

“இன்னா சொல்றாரு?” என்றேன்.

“சளிதானாம். மாத்திரை எழுதித் தர்றாரு.”

அடுத்த காட்சியில் அப்பாவும் பெண்ணும் மட்டும் சாப்பிட்டார்கள். அவள் எங்கே என்று கேட்டதற்கு, தன் அக்கா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார். படம் முடியும்வரை அவள் திரும்பி வரவில்லை. ஆனால் கதவுக்கு உள்ளே, எல்லாரும் கழற்றிப் போடும் இடத்தில், அவளுடைய பழுப்பு ஷூ அப்படியே இருந்தது. டாக்டரிடம் போட்டுக்கொண்டு போன, வலது குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்த அதே ஷூ.

“ஊருக்குப் போனவ ஷூவ உட்டுட்டா போவா?”

“வேற ஒண்ணு போட்டுட்டுப் போயிருப்பா. இங்கயும் உனக்கு செக்கிங்கா?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மறுநாள் என் மேசை முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. சித்திரையில் என் மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டு, வேலூர் போய் டெஸ்ட் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். ஷிப்மென்ட் நேரம், எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று ரிசல்ட் வாங்க அவர் மட்டும் போனார். வந்து காகிதத்தை விரித்து, “ஒண்ணுமில்ல, பயப்பட வேணாம்னு போட்டிருக்குது” என்று படித்தார். அதுவும் இங்கிலீஷ்தான். அதையும் இவர்தான் படித்தார்.

அந்த வாரம் முழுக்க அவரை வேவு பார்த்தேன். காய்கறிப் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். குழம்பில் உப்பு ஜாஸ்தியான அன்றும் வாயைத் திறக்கவில்லை. நல்ல புருஷன்தான், ஆனால் ஏன் திடீரென்று இவ்வளவு நல்ல புருஷன்?

பீரோவிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி மெடிக்கல் ரூமுக்குப் போனேன். அங்கிருக்கும் நர்ஸ் கொரியா, ஜப்பான் படம் ஒன்று விடாதவள். முதலில் அந்த மீன் கம்பெனிக்காரி கதையைச் சொன்னேன்.

“ஊருக்கா? அக்கா, அவ செத்துப்போய்ட்டா. பொழைக்கறது கஷ்டம்னு டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு” என்றாள்.

காகிதத்தை நீட்டினேன், படித்துச் சொன்னாள். இப்போதைக்குக் கெட்டது எதுவும் தெரியவில்லை என்பது முதல் வரி, அது உண்மைதான். மூன்று மாதத்தில் கட்டாயம் திரும்ப வந்து பார்க்க வேண்டும் என்பது அடுத்த வரி. அப்போது ஆவணி பாதி போயிருந்தது.

வீட்டுக்கு வந்து காகிதத்தை அவர் முன்னால் போட்டேன். கோபத்தோடு அந்த இரண்டாவது வரியைக் காட்டினேன்.

“மறந்துட்டீங்களா?”

“மறக்கல. தெனமும் ஞாபகம் இருந்துச்சு.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொன்னா போவணும். போனா அவங்க ஏதாச்சும் சொல்லிடுவாங்க. எனக்கு பயமா இருந்துச்சும்மா.”

படத்தில் செத்தவளை ஊருக்கு அனுப்பியது எனக்காக இல்லை, அவருக்காக. அது புரிந்தும் என் கோபம் குறையவில்லை.

மறுபடி டெஸ்ட் கொடுத்தோம். இந்த முறை ரிசல்ட் வாங்க நானும் போனேன். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, காகிதத்தை அவர் கையில் கொடுத்து, ஒரு வரி விடக்கூடாது என்றேன். என் பெயர், வயது, டெஸ்ட் நம்பர், டாக்டர் பெயருக்குப் பின்னால் இருந்த படிப்பு எல்லாவற்றையும் படித்தார். பிறகு நிறுத்தினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்னு போட்டிருக்குது” என்றார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். எத்தனையோ படத்துக்கு நான் அழுதிருக்கிறேன். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

கீழே இன்னும் மூன்று வரி இருந்தது. கண்ணாடியை வாங்கி அவருக்கு மாட்டிவிட்டு, அடுத்த வரியில் என் விரலை வைத்தேன்.

“நிறுத்தாதீங்க, படிங்க” என்றேன்.