செவலைப் பால் உறையவில்லை

எங்கள் வீட்டுப் பாலில் தண்ணீர் கலக்கிறோம் என்று குழாயடியில் ஒருத்தி சொன்ன அன்றைக்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாசியில் என் வீட்டுக்காரர் இறந்துபோனதிலிருந்து எனக்கு எல்லாம் இப்படித்தான் இருந்தது. காலில் முள் ஏறினால், முள் ஏறியிருக்கிறது என்று தெரியும். அவ்வளவுதான்.

ஆனாலும் அது சாதாரணப் பேச்சு இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தத் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவள் நான். படிப்பு மூன்றாவதோடு நின்றது. கையெழுத்துப் போடுவேன், பஸ் பலகையில் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். நிலம் கொஞ்சம் உண்டு, அதுவும் குத்தகை. நிமிர்ந்து சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது பால்தான். எங்கள் பாலுக்கு உறை ஊற்றி வைத்தால் மறுநாள் தயிரைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பேரும் போய்விட்டால் என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை.

மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். வீட்டில் நான், மருமகள், இரண்டு மாடுகள். ஒன்று செவலை, ஒன்று காரி. ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்கால் நனைந்த சமயத்தில் செவலைக்கு மடி வீங்கியது. பின்காம்பு ஒன்றில் பால் திரிதிரியாக வந்தது. ஒரத்தநாட்டில் படித்துவிட்டு வந்த மாட்டு டாக்டர், சின்னப் பெண், வந்து பார்த்தாள். பார்க்க ஊசிக்குழாய் போலவே ஒன்று, முனையில் மட்டும் ஊசி கிடையாது. அதைக் காம்பின் துளையில் வைத்து மருந்தை உள்ளே ஏற்றினாள்.

“ஆன்டிபயாடிக் மருந்தும்மா. நான் வந்து சொல்ற வரைக்கும் இந்த மாட்டுப் பாலை யாருக்கும் ஊத்தாதீங்க. நீங்களும் குடிக்காதீங்க. கறக்காம மட்டும் விட்டுடாதீங்க. கறந்து கொட்டிடுங்க.”

“கெட்டது ஒரு காம்புதானே டாக்டரம்மா?”

“நாலு காம்புப் பாலும்தான்.”

சரி என்றேன். செவலை அப்போது கறந்ததே கொஞ்சம்தான். காரியின் பால் மட்டும் தெருவுக்குப் போனது. வாடிக்கை வீடு ஒன்றைக்கூட நான் நிறுத்தவில்லை. எங்கள் வீட்டுக்கு எடுத்து வைக்கும் பாலை நிறுத்தினேன். நானும் மருமகளும் வெறும் டீத்தண்ணி குடித்தோம். அதைத் தெருவில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

பாலைக் கொட்டுவதில்தான் வினை வந்தது. எங்கள் பக்கத்தில் பாலைக் கண்ட இடத்தில் கொட்ட மாட்டார்கள். பாலை மிதித்தால் மாடு வற்றிப்போகும் என்பார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத மரத்தடியில்தான் ஊற்ற வேண்டும். எங்கள் தென்னை கொல்லைக் கோடியில் இருக்கிறது. அந்த வாரம் மழை, வழியெல்லாம் சேறு. மருமகள் செவலைப் பாலை ஒரு சட்டியில் சேர்த்து வைத்து, மொத்தமாகக் கொண்டுபோய் ஊற்றலாம் என்று மாட்டுக்கொட்டகை மூலையில் மூடி வைத்திருந்தாள். எனக்கு அது தெரியும். நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் வந்து பால் கேட்டது எனக்குத் தெரியாது.

அவள் எட்டாவது படிக்கிறாள். என்னை அப்பாயி என்றும் மருமகளைச் சித்தி என்றும் முறை வைத்துக் கூப்பிடுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் படிப்பது எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். “ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸைக் கொல்லாது. மருத்துவர் ஆலோசனையின்றி உட்கொள்ளக் கூடாது.” இதைத் தேர்வு சமயத்தில் பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கே அப்போது சளி. அவள் அம்மா கடையில் சொல்லி வாங்கி வந்த சிவப்பும் மஞ்சளுமான மாத்திரையை இடையில் ஒன்று போட்டுத் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். படிப்பு வேறு, சளி வேறு.

பள்ளிக்கூடத்தில் பால் உறைவதைச் சோதித்துக் காட்ட, பிள்ளைகளை வீட்டுக்கு வீடு கொஞ்சம் பால் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். டீச்சர் எல்லாப் பாட்டிலிலும் ஒரே மோரை உறை ஊற்றி, மூடி, வீட்டுப் பேர் ஒட்டி ஜன்னலோரம் வைத்திருக்கிறார். மறுநாள் எல்லாம் உறைந்திருந்தது. பாக்கெட் பால்கூட உறைந்திருந்தது. எங்கள் வீட்டுப் பேர் ஒட்டிய பாட்டில் மட்டும் வைத்தது வைத்தபடி பாலாகவே நின்றது. பிள்ளைகள் சிரித்தார்கள். சாயங்காலம் தெருவே சிரித்தது.

குழாயடியில் எதிர்வீட்டுக்காரி கேட்டாள். “என்ன பெரியம்மா, மேட்டூர் தொறந்த தண்ணி மொதல்ல ஒங்க வீட்டுப் பால் குண்டானுக்குத்தான் வந்துச்சாமே? எங்க வயலுக்கு எப்ப வரும்?”

“என்னடி சொல்ற?”

“நான் என்னத்தச் சொல்றது, பள்ளிக்கூடமே சொல்லுது. ஒரு மாடு படுத்துருச்சு. பால் ஊத்துற வீடு ஒண்ணுகூடக் கொறையல. மிச்சப் பாலு எங்கேருந்து வருதாம்?”

இன்னொருத்தி, “விடுக்கா, தாத்தா போன துக்கத்துல கை தவறியிருக்கும்” என்றாள். அவள் பரிந்து பேசியதாக நினைத்துக்கொண்டாள்.

குடத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் காலையில் பால் தூக்குவாளியோடு போனபோது ஒரு வீட்டில் “இன்னிக்கு வேணாம்” என்றார்கள். அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் பாக்கெட் பாலின் காலிக் கவர் காற்றில் படபடத்துக்கொண்டு கிடந்தது. மிஞ்சிய பாலோடு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்.

அறிவியல் டீச்சர் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. “இது நான் தெருவுக்கு ஊத்துற பால். இதுக்கு உறை ஊத்துங்க. நாளைக்கு நான் வந்து பாக்குறேன்” என்றேன்.

டீச்சர் பாலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “அம்மா, தண்ணி கலந்தாக்கூட பால் கொஞ்சமாவது உறையும். அது உறையவே இல்ல. மாட்டுக்கு ஏதாவது மருந்து போட்டீங்களா?”

“செவலைக்குப் போட்டாங்க. அந்தப் பாலை நான் யாருக்கும் ஊத்தல. இது காரி.”

பக்கத்து வீட்டுப் பெண் பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்தாள். “டீச்சர், சித்தி மாட்டுக்கொட்டாய் மூலையில மூடி வச்சிருந்த சட்டியிலேருந்துதான் மோந்து குடுத்தாங்க.”

எனக்கு விளங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து மருமகளைக் கேட்டேன்.

“ஆமாங்கத்தை. குடிக்கக் கேட்டா குடுத்திருப்பனா? பரிச்ச பாக்கத்தானே கேட்டுச்சு. எப்படியும் கொட்டப்போற பாலு, புள்ள படிப்புக்காவது ஆகட்டுமேன்னு குடுத்தேன்.” சொல்லிவிட்டு அழுதாள். “நல்ல பாலைக் குடுத்தா ஒரு வீட்டுக்குக் கொறையும்னு நெனச்சேங்கத்தை.”

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அந்தச் சட்டியில்தான் மொண்டிருப்பேன். போய் முகத்தைக் கழுவு என்றேன்.

டீச்சர் செவலைப் பாலையும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அன்றைக்கே கொண்டுபோனேன். இரண்டு பாட்டில்களிலும் உறை ஊற்றுவதற்கு முன்னால் பிள்ளைகளைக் கேட்டார். “ஆன்டிபயாடிக் என்ன செய்யும்?”

வகுப்பு முழுக்க ஒரே குரலில் சொன்னது. சுவருக்கு அந்தப் பக்கம் நான் கேட்ட அதே பாட்டு.

“தயிர் எப்படி ஆகுது?”

அதற்கும் ஒரே குரல். “பாக்டீரியாவால்.”

“அப்ப மருந்து இருக்கற பால் உறையுமா, உறையாதா? உறையும்ங்கறவங்க கை தூக்குங்க.”

பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் தூக்கினாள். முந்தின நாள்தான் உறையாததைப் பார்த்து எல்லாரும் சிரித்திருந்தார்கள்.

ஒரு பெண் சொன்னாள்: “டீச்சர், தயிர்ல இருக்கறது நல்ல பாக்டீரியா. மருந்து கெட்டதைத்தானே கொல்லும்? நேத்து உறையாததுக்குக் காரணம் தண்ணி.”

“மருந்துக்கு எது நல்லது, எது கெட்டதுன்னு எப்படித் தெரியும்?” என்றார் டீச்சர்.

“தெரியும் டீச்சர். அது மருந்தாச்சே.”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மருந்து என்றால் சாமி மாதிரி, தப்புச் செய்தவனை மட்டும் தண்டிக்கும் என்று.

அடுத்த நாள் போனபோது காரிப் பால் பாட்டிலைக் கவிழ்த்தாலும் விழாமல் கட்டியாக நின்றது. செவலைப் பால் ஆடியது. டீச்சர் இரண்டையும் பெஞ்சு பெஞ்சாகக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன், “அப்ப மாத்திரை போட்டா நம்ம வயித்துல இருக்கற நல்லதும் சாகுமா டீச்சர்? அதான் எனக்கு வயித்தால போச்சா?” என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவன் அவனை விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் என் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “டீச்சர், அடிக்கடி மாத்திரை போட்டா ஒடம்பு அதுக்குப் பழகிடும், அப்புறம் கேக்காதுன்னு சொல்றாங்களே. எங்க பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு அப்படித்தான் ஆச்சாம்.”

அறுப்பு சமயத்தில் அவர் குதிகாலில் தாள் குத்தியது. வெட்டின நெல்லின் அடிக்கட்டை, அவ்வளவுதான். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டார், வலி விட்டதும் நிறுத்தினார். திரும்ப வீங்கியது, திரும்பப் போட்டார். முன்னே ஒருதரம் செவலைக்கு மடி வீங்கியபோது வாங்கிய மருந்துக்குழாய், பாதி மருந்தோடு, கொட்டகைக் கூரையில் செருகியிருந்தது. மாட்டுக்கே ஆறும்போது மனுஷனுக்கு ஆறாதா என்று அதைப் பிதுக்கிப் புண்ணில் தடவிக்கொண்டார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனபோது கால் முழங்கால் வரை கறுத்திருந்தது. மருந்து மாற்றி மாற்றி ஏற்றினார்கள். எதற்கும் கேட்கவில்லை என்றார்கள். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள். அவர் உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு, பாவம். அவர் உடம்பின் மேல் ஏதோ பழி இருப்பது போல இருந்தது எனக்கு. சாகும்வரை மண்வெட்டி பிடித்த உடம்பு அது.

டீச்சர் சொன்னார்: “உடம்பு பழகறது இல்ல. கிருமிதான் மாறுது. மருந்துக்குச் சாகாத கிருமி ஒண்ணு ரெண்டு மிஞ்சும். அது குட்டி போட்டுப் பெருகும். அப்புறம் அதே மருந்துக்கு அசையாது.” பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். “தாத்தாவுக்கு என்ன நடந்துச்சுன்னு நான் சொல்ல முடியாதும்மா. நான் டாக்டர் இல்ல.”

“நீங்க பாடத்தச் சொல்லுங்க” என்றேன்.

உடம்பு இல்லை, கிருமி. நான் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ நாற்று முடிகளைத் தலையில் சுமந்துகொண்டு வரப்பில் போனார்கள். நீர் சொட்டிக்கொண்டே போனது.

அன்று சாயங்காலமே தெருவுக்குச் சேதி போய்விட்டது. எதிர்வீட்டுக்காரி சொம்போடு வந்து நின்றாள். “பெரியம்மா, வாய் இருக்குல்ல, அது சும்மா இருக்காது. மனசுல வச்சுக்காதீங்க.”

“சொம்பக் கழுவிட்டு வந்தியா?” என்று கேட்டு ஊற்றினேன். நிறுத்தியவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஊற்றினேன். சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள் என்று தெரிந்தது.

டாக்டரம்மா மறுபடி வருவதற்குள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வந்தது. அந்த இரண்டு பாட்டில் சோதனையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் இன்னும் சிலரும் மறுபடி செய்து வைப்பதாக ஏற்பாடு. கண்காட்சிக்கு முந்தின நாள் அவள் பேர் எழுதிய அட்டைகளோடு வந்தாள். உறைந்த பாட்டிலுக்கு எங்கள் வீட்டுப் பேரை எழுதியிருந்தாள். உறையாததற்கு ‘மருந்து ஏற்றிய மாட்டின் பால்’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

“இதுல ஏன் பேர் இல்ல?”

“ஒங்களுக்குக் கௌரவக் கொறச்சலா இருக்கும்னு டீச்சர் சொன்னாங்க அப்பாயி.”

“அது எந்த வீட்டு மாடு?”

“ஒங்க வீட்டு மாடுதான்.”

“அப்ப எழுது.”

அவள் எழுதினாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். பிறகு கொட்டகைக்குப் போய்க் கூரையில் கை விட்டேன். அவர் செருகிய இடத்திலேயே அந்தக் குழாய் இருந்தது. அடியில் கொஞ்சம் மருந்து காய்ந்து ஒட்டியிருந்தது.

“என்ன அப்பாயி இது?”

“மாட்டு மருந்து. தாத்தா கால்ல போட்டுக்கிட்டது. இதையும் கொண்டுபோய் வையி.”

வாங்கக் கை நீட்டியவள் நீட்டியபடி நின்றாள். “இதுக்கு என்னன்னு எழுதறது?”

“அதை ஒங்க டீச்சரக் கேளு. பேரு மட்டும் எங்க வீட்டுப் பேரையே போடு.”

கண்காட்சியன்று போனேன். மேஜையில் இரண்டு பாட்டிலும் நடுவில் அந்தக் குழாயும் இருந்தன. வெளியூரிலிருந்து வந்த யாரோ ஒருவர், வாத்தியார் போல இருந்தார், அட்டையைப் படிக்காமலே குழாயைக் காட்டி, “இது யார் வீட்டுல கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண் என்னைப் பார்த்தாள்.

“எங்க வீட்டுல” என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். பெண் தன் பாட்டை ஆரம்பித்தாள். இந்தமுறை நடுவில் நிறுத்தி, பாட்டிலைச் சாய்த்துக் காட்டி, மறுபடி சொன்னாள். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். கறவை நேரம் ஆகிவிட்டது. வந்துவிட்டேன்.