இங்கிலாந்தின் பதின்மூன்றாம் ஆள்

போன மாதம் ஹரோவில் ஒரு சாமத்திய வீட்டுக்கு, அதாவது ஒரு பெண்பிள்ளையின் பூப்புச் சடங்குக்கு, போய் வெட்கப்பட்டுத் திரும்பினேன். அழைப்பிதழில் ஐந்து மணி என்று போட்டிருந்தது. நம்முடைய சனத்தை எனக்குத் தெரியாதா என்று ஆறரைக்குப் போய் இறங்கினால், ஆலாத்தி எடுத்து முடிந்து, கேக்கும் வெட்டியாகி, எல்லோரும் கையில் தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நிற்கிறார்கள். கடைசி வரிசையில் ஒரு கதிரையைப் பிடித்து, யாராவது பார்க்கிறார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. வாடகைக்கு எடுத்து விரித்த சிவப்புக் கம்பளத்தின் ஓரம் மடிந்து கிடந்தது. அதற்கடியில், பள்ளிக்கூட மண்டபத்தின் மரத்தரையில், கூடைப்பந்து ஆடுகளத்தின் வெள்ளைக் கோடு.

மேலே பார்த்தேன். கூடையை முகட்டோடு மடித்துக் கட்டி, தெரியாமலிருக்க ரோசா நிறப் பலூன்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். தரை மெழுகும் ரப்பரும் பழைய காலுறையும் சேர்ந்த ஒரு மணம் எல்லா விளையாட்டு மண்டபங்களுக்கும் உண்டு. அதன்மேல் சாம்பிராணியும் வடை எண்ணெயும் கலந்துவிட்டால் எனக்கு ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகத்துக்கு வரும். எண்பதுகளின் கடைசி. எனக்குப் பதினைந்து வயது. நான் இங்கிலாந்துக்காக விளையாட இருந்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

திறமையால் வந்த வினை என்று சொல்லமாட்டேன். எல்லாம் உயரம் செய்த வேலை. பன்னிரண்டு வயதிலேயே அப்பாவை எட்டிப் பிடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை என்னைக் கண்ட அன்றே கையில் கூடைப்பந்தைத் தந்துவிட்டார். அம்மாவுக்கு அந்த உயரம் பெரிய கவலை. "இந்த உயரத்துக்கு மாப்பிள்ளையை நான் எங்கை போய்த் தேடுறது?" என்று கோயிலில் காண்கிறவர்களிடமெல்லாம் கேட்பார். யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது அம்மாவும் வலைப்பந்து விளையாடியவர்தான். ஆகவே சொந்தக்காரரிடம் "அவள் நெட்போல் விளையாடுறவள்" என்றே சொல்லி வைத்திருந்தார். ஆண்பிள்ளைகளோடு சேர்த்து நினைக்கிற விளையாட்டின் பெயர் வாயில் வராமல் பார்த்துக்கொண்டார்.

அந்தப் பெரிய போட்டியைப் பற்றி எனக்குச் சொன்னவள் ரூட்டா. எங்கள் பயிற்சிக் குழுவில் என்னைவிட உயரமான ஒரே ஆள். அவளுடைய தகப்பன் பிறகு சோவியத் யூனியன் விழுங்கிவிட்ட லிதுவேனியாவிலிருந்து உலகப்போர்க் காலத்தில் ஓடிவந்தவர். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு பாடமாக்குவதுபோல் அவர் மகளுக்கு ஐரோப்பிய இளையோர் கூடைப்பந்துச் சாம்பியன்பட்டத்தின் சரித்திரத்தைப் பாடமாக்கியிருந்தார். தேசிய அணிகளுக்கான போட்டி; இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நாட்டில். மூத்தவர்களுக்கு ஜூனியர் என்று பெயர், எங்களைப் போன்ற சிறிசுகளுக்குக் கடேட். பெண்பிள்ளைகளில் அநேகமாகச் சோவியத் யூனியன்தான் வெல்லும். ஆண்பிள்ளைகளில் யூகோஸ்லாவியா அதனோடு மல்லுக்கட்டும். மற்ற நாடுகள் மூன்றாம் இடத்துக்கு அடிபடும். இங்கிலாந்து? அது தகுதிச் சுற்றுக்குப் போய், நன்றாக உதை வாங்கி, வீட்டுக்கு வரும்.

"சோவியத் வெல்லுது எண்டு எல்லாரும் சொல்லுகினம். அதில பாதிப் பேர் எங்கட ஆக்கள்" என்பது ரூட்டாவின் தகப்பன் அடிக்கடி சொல்வது. அவர் ஆங்கிலத்தில்தான் சொன்னார். என் ஞாபகத்தில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்துவிட்டது. உலகப்படத்தில் இல்லாத நாட்டைப் பற்றி அந்தக் குரலில் பேசுகிறவர்களை நான் எங்கள் வீட்டு வரவேற்பறையில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

உதை வாங்கப் போகிற அந்த அணிக்குப் பன்னிரண்டு பேரைத் தெரிவு செய்ய, நதிக்கு அந்தப் பக்கம், மிச்சம் என்ற ஊரில் ஒரு மண்டபத்தில் கடைசித் தேர்வு வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. அதே ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சாமத்திய வீடு.

இதில் ஒரு கதை இருக்கிறது. நான் பெரியபிள்ளையாகி அப்போது மூன்று வருஷம். அம்மா சடங்கைத் தள்ளிக்கொண்டே வந்தார். "இனிக் கலியாணத்தோட சேத்துச் செய்யலாம்" என்று பெண்கள் பகிடி பண்ணியும் அசையவில்லை. காரணம், ஊரில் இருந்த அவருடைய ஒரே தம்பி. எங்கள் சடங்கில் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கவேண்டியவர் தாய்மாமன். அந்த ஒரு நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாமாவுக்கு விசா கேட்டு அம்மா திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார். ஊரில் யுத்தம், நிலைமை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் மறுத்தார்கள். என் சடங்குதான் மாமா வெளியே வருவதற்கு மிஞ்சியிருந்த ஒரே வாசல். கடைசியில் ஒருமாதிரிக் குறுகிய காலத்துக்கு விசா கிடைத்தது. ஆர்ச்வே முருகன் கோயில் ஐயர் அந்தக் காலத்துக்குள் இருந்த ஒரே நல்ல நாளைக் குறித்துத் தந்தார். அதை எப்படி மாற்றச் சொல்வது?

தேர்வைப் பற்றி நான் வாயைத் திறந்ததும் அம்மா சொன்னது இவ்வளவுதான். "ஏலாது எண்டா ஏலாது. கார்ட் அடிச்சாச்சு, ஹோலுக்குச் சொல்லியாச்சு." அப்பா பத்திரிகையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

மாமா சொன்ன நாளில் வந்து இறங்கவில்லை. ஹீத்ரோவில் கடைசிப் பயணியும் வெளியே வந்த பிறகு அம்மா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது எனக்கு இன்றைக்கும் தெரிகிறது. தம்பியை வழியில் ஆமிக்காரர் பிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தார். மறுநாள் விமானத்தில் மாமா சிரித்துக்கொண்டு வந்தார். கொழும்பில் விமானத்துக்குப் பிந்திவிட்டாராம். சட்டை கசங்கியிருந்ததால் தேய்த்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிட நேரமாகிவிட்டதாம். அம்மா அந்த இடத்திலேயே அவர் முதுகில் ஓர் அடி போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதார்.

அப்படிப்பட்டவர்தான் எனக்காகப் பேசினார். யார் சொன்னார்களோ, என் வீங்கிய முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாரோ தெரியாது. தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, தண்ணி விடியத்தானே வாக்கிறது?"

"ஓம். வீட்டில."

"ஹோலில சடங்கு?"

"ரெண்டு மணிக்கு."

"ரெண்டு மணி எண்டு கார்டில போட்டா எங்கட சனம் எத்தினை மணிக்கு வரும்?"

வாழ்நாள் முழுக்க நம்மவர்களின் நேரம் தவறுகிற குணத்தைத் திட்டித் தீர்த்த அம்மா, சுவர் மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தண்ணி வாத்த பிள்ளையைத் தனிய விடேலாது. நீயும் கூடப் போ" என்றார்.

விடியற்காலை மாமா என் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தண்ணீர் வார்த்தார். அறுகம்புல் அப்பா பின்வளவில் பிடுங்கியது. அது அறுகுதானா என்பது கடவுளுக்கே வெளிச்சம். பிறகு வந்தது வில்லங்கம். தலை அலங்காரம் செய்கிற அன்ரிக்கு மத்தியானம் வேறொரு வீட்டில் வேலை. ஆகவே அப்போதே ஈரத் தலையைக் காயவைத்து, முழங்கால் வரை தொங்குகிற பொய்ச்சடையை வைத்து, ஊசியாலும் நூலாலும் தைத்துவிட்டுப் போய்விட்டார். கழற்றினால் திரும்ப வைக்க ஆளில்லை.

அந்தச் சடையோடுதான் இங்கிலாந்துத் தேர்வுக்குப் போனேன். அப்பா காரோட்டினார். மண்டப வாசலில் நின்ற பயிற்றுநர் என் மருதோன்றிக் கையைப் பார்த்தார், சடையைப் பார்த்தார், பட்டு வேட்டியில் நின்ற மாமாவைப் பார்த்தார். "ஐ ஆம் தி அங்கிள்" என்றார் மாமா, அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பதுபோல. ஊசிகளோடு விளையாட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ரூட்டாதான் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தலையிலிருந்த புல்லையும் பொறுக்கி, வயலுக்குள் படுத்து எழும்பினாயா என்று கேட்டாள். சடையைச் சட்டைக்குள் முதுகோடு விட்டுக் காற்சட்டைப் பட்டிக்குள் செருகிவிட்டாள். நூல்தான் அதைத் தாங்கிப் பிடித்தது. ஓடும்போதெல்லாம் ஏதோ உயிருள்ளது முதுகில் நெளிந்தது.

முதல் பந்து பலகையில் மோதி மண்டபம் அதிர்ந்தபோது, பார்வையாளருக்கான நீள வாங்கில் உட்கார்ந்திருந்த மாமா சட்டென்று கீழே குந்திக் காதைப் பொத்திக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். ரூட்டாவின் தகப்பன் சிரிக்கவில்லை. எழுந்து போய் மாமாவின் தோளைப் பிடித்துத் தூக்கி, தன் பக்கத்தில் இருத்தி, பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றிக் கொடுத்தார். அதன்பிறகு இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் விரல்களை மடக்கி மடக்கி எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று பந்தைத் தவறவிட்டேன். பிறகு நன்றாக ஆடினேன் என்றே நினைக்கிறேன்.

பெயர் வாசிக்கப் பிந்திவிட்டது. பன்னிரண்டு பெயரிலும் என் பெயர் இல்லை. ரூட்டாவின் பெயர் இருந்தது. பயிற்றுநர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நீதான் பதின்மூன்றாவது, யாராவது காயப்பட்டால் கூப்பிடுவோம் என்றார். யாரும் காயப்படவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

காரில் விம்மி விம்மி அழுதேன். நதியைக் கடந்ததும் வாகன நெரிசல். அப்பா ஒரு சுற்றுவட்டத்தில் தப்பான பக்கம் திரும்பி, நாங்கள் வந்த திசைக்கே போய்க்கொண்டிருந்தோம். இரண்டு மணி எப்போதோ தாண்டிவிட்டது. கைத்தொலைபேசி இல்லாத காலம். அம்மா தனியே வாசலில் நின்று, வந்த சனத்துக்கு என்ன சொல்வார்? மாமா மட்டும் ஏதோ யோசனையில் இருந்தார்.

"பிள்ளை, இந்த நாட்டில எத்தினை பொம்பிளைப் பிள்ளையள் இருப்பினம்?"

"எனக்குத் தெரியாது மாமா."

"லட்சக் கணக்கில இருப்பினம். அதில நீ பதின்மூண்டாவது. நான் எங்கட ஊரில நாலாம் வகுப்பிலேயே பதின்மூண்டாம் பிள்ளையா வரேல்லை."

அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்து மூக்கால் ஒழுகியது.

மூன்றரைக்கு ஹரோவில் மண்டபக் கதவைத் தள்ளித் திறந்தோம். உள்ளே வரிசை வரிசையாகக் கதிரைகள். கதிரைகளில் ஒருவருமில்லை. வீடியோக்காரர் மட்டும் ஒரு மூலையில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேடையோரம் கூறைச் சேலையோடு உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து ஓடிவந்தார். என்னைப் பார்க்கவில்லை, நேரே மாமாவின் இரண்டு கையையும் பிடித்தார். "வந்திட்டியே தம்பி, வந்திட்டியே" என்றார். எங்களை வழியில் பொலிஸ் மறித்துத் தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டதாக அந்த ஒன்றரை மணித்தியாலமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பிறகுதான் வெறும் கதிரைகளைத் திரும்பிப் பார்த்தார். "கடவுளே, எங்கட சனம் நல்லா இருக்கோணும்" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அப்படியொரு நிம்மதியை அதன்பிறகு நான் அனுபவித்ததில்லை. நாலரைக்குப் பிறகு சனம் சாவகாசமாக வந்து சேர்ந்தது. மாமா மைக்கைப் பிடித்து, தன் மருமகள் இங்கிலாந்தின் பதின்மூன்றாவது ஆள் என்று அறிவித்தார். எதில் என்று சொல்ல மறந்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இங்கிலாந்து வழக்கம்போல் உதை வாங்கிக்கொண்டு வந்தது. மாமா திரும்பிப் போகவில்லை. இங்கேயே இருந்து, அந்த மிச்சம் ஊரிலேயே கடை போட்டு, எல்லாவற்றுக்கும் பிந்தியபடியே வாழ்ந்தார். ரூட்டாவின் தகப்பன் உயிரோடு இருக்கும்போதே சோவியத் யூனியன் காணாமல் போய், லிதுவேனியா தன் சொந்தப் பெயரில் ஆட வந்தது. அன்றைக்கு மாமாவுக்குத் தொலைபேசியில் சொல்லி அழுதாராம். யூகோஸ்லாவியா நாலைந்து அணிகளாக உடைந்தது. கடேட் என்ற பெயர் போய்ப் பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆனது. இப்போது போட்டி வருஷாவருஷம் நடக்கிறது. நான் பதின்மூன்றாவதாக நின்ற இங்கிலாந்து அணிகூட இன்றைக்கு இல்லை, பிரித்தானியா என்ற பெயரில்தான் பிள்ளைகள் போகிறார்கள்.

நம்முடைய சனமும் மாறிவிட்டது. போன மாதம் ஹரோ மண்டபத்தில் எட்டு மணிக்குள் கதிரைகளை மடித்து, கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். வெள்ளைக் கோடு முழுதாகத் தெரிந்தது. நான் தட்டை வைத்துவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன், ஒரு பழக்கதோஷம். மாமா காலமாகி இரண்டு வருஷமாகிறது. இருந்திருந்தால் இந்நேரம் வீட்டில் சட்டை தேய்க்கத் தொடங்கியிருப்பார்.