றொட்டியில் ஓடிய ஐந்து ஆறுகள்

சூடான இரும்புத் தட்டில் மாவு கருகும் வாசம்... அதற்கு மேலே உருகிய நெய்யின் வாசம்... வெளியே கொலோன் நகரம் பனியில் ஊறிக்கொண்டிருந்தது. நான் சீக்கியரின் கோவிலான குருத்வாரா வாசலில் சேட்டைக் கழற்றிக்கொண்டு நின்றேன்.

ஓம், சரியாகத்தான் வாசித்தீர்கள். சேட்டை, மேற்சட்டையைத்தான்.

அகதிகள் விடுதியில் என் அறைக்காரன் குர்மீத், பஞ்சாப்காரன். எனக்கு வேலை செய்ய அனுமதி வந்திருந்த நேரம் அது. வேலை கிடைத்தால் தனி அறை எடுக்கலாம். அறை இருந்தால்தான் கொழும்பில் காத்திருந்த மச்சாளைக் கூப்பிடலாம். இனியும் இழுபட்டால் கனடா மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்துவிடுவேன் என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார்.

குர்மீத்துக்குத் தெரிந்த ஒருவர் ரெஸ்டோரண்ட் நடத்தினார். எல்லோரும் அவரை 'பாஜி' என்பார்கள். நாங்கள் அண்ணை என்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை தங்கள் கோவிலில் அவரைப் பிடிக்கலாம் என்று குர்மீத் கூட்டிப் போனான்.

கோவில் என்றதும் என் கை தானாகவே பொத்தானுக்குப் போய்விட்டது. எங்கள் ஊரில் ஆம்பிளைகள் மேலுடம்பை மூடிக்கொண்டா சாமிக்கு முன்னால் போவார்கள்? ஜாக்கெட், சுவெட்டர், சேட்டு, பெனியன்... எல்லாவற்றையும் அழகாக மடித்து, சப்பாத்துத் தட்டில் அடுக்கிவிட்டு, பல்லுக் கிடுகிடுக்கக் கைகூப்பி நின்றேன். பக்கத்தில் சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த வெள்ளைத் தாடிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உள்ளே நடந்தார்.

தலைக்குக் கட்டத் துணி எடுக்கப் போன குர்மீத் திரும்பி வந்து அப்படியே நின்றுவிட்டான். நாங்கள் கதைத்தது அரைகுறை ஜேர்மனில்தான். எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் எங்கட பேச்சில்.

"உடுப்பைப் போடடா. இஞ்சை மூட வேண்டியது தலையை."

துணியை என் தலையில் கட்டிக்கொண்டே காதுக்குள் சொன்னான். "இப்ப உன்னைப் பாத்திட்டுப் போறாரே... அவர்தான் பாஜி."

மச்சாள் கனடாவுக்குப் பிளேன் ஏறுவது என் கண்ணுக்குத் தெரிந்தது.

கும்பிட்டு முடிய, சாப்பாடு. யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. டாக்டரும் அகதியும் ஒரே விரிப்பில், நிலத்தில். நான் வழக்கம்போல வலக்கையை மட்டும் நீட்டினேன். றொட்டி பரிமாறியவர் மற்றக் கையும் வரும்வரை பொறுமையாகக் காத்து நின்றார். அங்கே இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். அந்தக் கறுப்புப் பருப்பு... அதைப் பற்றி என் மனுசிக்கு முன்னால் நான் வாய் திறப்பதில்லை.

சாப்பிட்டவர்கள் ஏதாவது ஒரு வேலைக்குக் கை கொடுப்பது அங்கே வழக்கம். குர்மீத் என்னைச் சமையலறைக்குள் தள்ளினான். சூடான இரும்புத் தட்டுக்கு முன்னால் பாஜி. நான் றொட்டி போடுவதில் சூரன் என்று முதலே அவருக்கு அவிழ்த்துவிட்டிருக்கிறான், பாவி!

எங்கட தேங்காய்ப்பூ றொட்டியைக் கையால் தட்டுவோம். உருட்டுகிற கட்டையை நான் அதுவரை தொட்டதே இல்லை. எல்லோரும் வட்டம் வட்டமாக உருட்ட, நான் தட்டு தட்டென்று தட்டினேன். மேலே ஒரு மூக்கு, கீழே ஒரு வால்... இப்படி ஒன்று வந்தது.

பாஜி அதைச் சுட்டு எடுத்துப் பலகையில் போட்டார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, பழைய பஞ்சாப் வரைபடம் இதே மாதிரித்தான் என்று மாவு விரலால் அதன் மேல் கோடு கீறத் தொடங்கினார். ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ். ஐந்து ஆறு ஓடுகிற நாடு என்பதால்தானாம் பஞ்சாப் என்று பெயர்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. எங்கட யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு ஆறு, அதுவும் மழை பெய்தால்தான் ஆறு என்று சொன்னேன். குர்மீத் சிரித்தான். பாஜி சிரிக்கவில்லை.

ராவிக்கும் சட்லெஜுக்கும் நடுவால் றொட்டியைக் கிழித்தார். வெள்ளைக்காரன் போகும்போது இப்படித்தான் கிழித்தான் என்றார். அவருடைய அப்பா பிறந்த ஊர் ராவிக்கு அந்தப் பக்கம், இப்போது பாகிஸ்தான். மாட்டு வண்டியில் ஏறி இந்தப் பக்கம் வந்த மனிதர், சாகும்வரை அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியே கதைத்தாராம். பாஜி அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை.

இரண்டு கையிலும் இரண்டு துண்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு எந்தப் பக்கம் வேணும்?"

பாஜியின் முதுகுக்குப் பின்னால் நின்று குர்மீத் கண்ணால் கிழக்கு, கிழக்கு என்று இந்தியத் துண்டைக் காட்டுகிறான். பிழையாகச் சொன்னால் வேலை போச்சு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இந்தச் சோதனை தேவையா?

எனக்குத் தெரிந்ததை மட்டும் செய்தேன். சற்று முன்னர் படித்த பாடம்... இரண்டு கையையும் ஏந்தினேன்.

"ரெண்டையும் தாங்கோ அண்ணை. கிழிச்சுப் போட்டு ஏன் கேக்கிறியள்?"

அவர் உடனே தரவில்லை. தாடியைத் தடவினார். பிறகு இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக என் கையில் வைத்தார்.

"நாளைக்கு வா. ஆனா சேட்டோட வா."

மச்சாள் கனடாவுக்குப் போகவில்லை. இதை எழுதும்போது பக்கத்தில் இருந்து எட்டிப் பார்க்கிறாள். போயிருந்தால் நல்ல இடத்தில் இருந்திருப்பாளாம்...

போன ஞாயிறு நானும் குர்மீத்தும் அங்கே போயிருந்தோம். அவனுக்கும் தாடி வெளுத்துவிட்டது. பாஜி இப்போது இல்லை. ராவிக்கு அந்தப் பக்கம் ஒருமுறையேனும் போனாரா தெரியவில்லை. கேட்டிருக்கலாம்.

சமையலறையில் பெரிய மெஷின் நிற்கிறது. ஒரு பக்கம் மாவைப் போட்டால் மறுபக்கம் றொட்டி வந்து விழுகிறது. ருசியில் குறை சொல்ல ஏலாது. எல்லாமே அச்சொட்டாக வட்டம்... மூக்கும் இல்லை, வாலும் இல்லை.

பரிமாற வந்த பெடியன் ஒன்றை நீட்டினான். இரண்டு கையையும் ஏந்தி வாங்கினேன். குர்மீத் சும்மா இருக்கவில்லை. என் கையிலிருந்ததை எடுத்து நடுவால் கிழித்தான்.

"எந்தப் பக்கம்?"

இந்த முறையும் இரண்டையும் நானே சாப்பிட்டேன்.